புத்தகத்துக்குச் சோறு ஊட்டிய கதை

எங்கள் ஊர் பால்வாடியில் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு படப்புத்தகம் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் அம்மா படித்துக்காட்ட வேண்டும். திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுபோக வேண்டும். என் மகளுக்கு நாலரை வயது. அந்த வாரம் அவள் தூக்கிக்கொண்டு வந்தது ஓர் ஆட்டுக்குட்டிக் கதை. அட்டையில் குட்டி சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்த்ததுமே சந்தேகம்தான். இவ்வளவு சிரிக்கிறதென்றால் உள்ளே இதற்கு ஏதோ ஆகப்போகிறது.

எந்தப் புத்தகம் வந்தாலும் அவளுக்குத் தெரியாமல் நான் முதலில் ஒரு தரம் படித்துவிடுவேன். எட்டாவதோடு நின்றவள், பிள்ளைக்கு முன்னால் எழுத்துக்கூட்டி நிற்கக் கூடாது என்பது ஒரு காரணம். உள்ளே ஆகாதது ஏதாவது இருந்தால் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பது இன்னொன்று. இருந்தது. நடுவில் எதிரெதிராக இரண்டு பக்கம். குட்டி கிணற்றை எட்டிப் பார்க்கிறது. தண்ணீருக்குள் இன்னொரு குட்டி. "வா, விளையாடலாம்" என்று இது கூப்பிடுகிறது. அப்புறம், தொபுக்!

எங்கள் வீடு தக்காளிக் கொல்லைக்குள்ளேயே இருக்கிறது. வாசலிலிருந்து நாற்பது எட்டில் கிணறு. பாறையை வெட்டி இறக்கியது, சுற்றுச்சுவர் கிடையாது. சுவர் வைக்கச் சொல்லி நான் கேட்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், "தக்காளி வெல ஏறட்டும்" என்பார். கதையைக் கேட்டுவிட்டு இவளும் தன் முகத்தைத் தேடிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டால்?

அந்தப் பக்கத்தைத் தாண்டிப் படிக்கலாம் என்றால் முடியாது. எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புவது அவள் வேலை. ஒன்று தவறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அவள் மத்தியானம் தூங்கும்போது நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கி, அந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டி, மேலே மாவு டப்பாவைத் தூக்கி வைத்தேன். நன்றாகவே ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. அடுத்த பக்கத்தில் குட்டி நனைந்துபோய் நிற்கிறது, பக்கத்தில் யானை கயிற்றோடு நிற்கிறது.

"ஆட்டுக்குட்டி எதுக்குமா நனைஞ்சிருக்குது?"

"மழைல நனைஞ்சிருச்சு சாமி."

"மழையக் காணமே?"

"இப்பதான் நின்னுச்சு."

"யானை எதுக்குக் கயிறு வெச்சிருக்குது?"

"ஊஞ்சல் கட்டறதுக்கு."

"நெசமா?"

"நெசந்தான்."

இந்த 'நெசமா'தான் என்னைக் குத்தியது. நான் நெசம் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை. ஞாயிறு முடிவதற்குள் எட்டு தரம் படிக்கச் சொன்னாள். எட்டு தரமும் அதே மழை, அதே ஊஞ்சல். ஒரு தரம் மறந்துபோய் யானை மாடு கட்டப் போகிறது என்று சொல்லிவிட்டேன். "ஊஞ்சலு!" என்று அதட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் ஒட்டியதைப் பிரித்துப் பார்த்தேன். வரவில்லை. அப்படியே கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று பால்வாடிக்குப் போனால், டீச்சர் விடவில்லை.

"இன்னிக்கு நீங்களே பசங்களுக்குப் படிச்சிக் காட்டிட்டுப் போங்கம்மா. உங்க பொண்ணு வரும்போதே ஊஞ்சலு ஊஞ்சலுன்னு ஏதோ சொல்லிட்டு வருது."

நான் பள்ளிக்கூடத்தை விட்டதே பயத்தினால்தான். ஒன்பதாவதுக்கு ஹைவேயைத் தாண்டிப் போக வேண்டும். லாரிகளை நினைத்து நினைத்தே எங்கள் அம்மா என்னை அனுப்பவில்லை. இருபது பிள்ளைகள் சப்பணம் போட்டு உட்கார்ந்து என் வாயையே பார்த்தார்கள். என் மகள் முன்வரிசையில், கல்யாண வீட்டுக்காரி மாதிரி.

குட்டி கிணற்றுப் பக்கம் நடந்தது வரை நன்றாகத்தான் போயிற்று. "அப்ப மழை வந்துச்சாம்" என்றேன். ரெட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை எழுந்துவிட்டது.

"மழையில்ல. அது கெணத்துல வுழும். போன வாரம் நான்தான எங்கூட்டுக்கு எடுத்துனு போனன்."

"வுழாது! எங்கம்மா படிச்சாங்க!" என்று என் மகள் எழுந்தாள்.

"எங்கம்மாவுந்தான் படிச்சாங்க!"

"உங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது! எங்கம்மா நெசந்தான்னு சொன்னாங்க!"

என்னை நம்பி அவள் இன்னொரு அம்மாவின் படிப்பையே குறை சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் சிரித்துக்கொண்டே புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்னாம்மா இது? புத்தகத்துக்கெல்லாம் சோறு ஊட்டியிருக்கீங்க?"

"நான்தான் ஒட்டினேன் டீச்சர்" என்றேன். "கெணத்தப் பாத்துப் பயந்துட்டேன்." பிள்ளைகளைப் பார்த்தும் சொன்னேன்: "அந்தப் பாப்பா சொன்னதுதான் சரி. குட்டி கெணத்துலதான் வுழுந்துச்சு. மழையெல்லாம் நான் சொன்ன பொய்."

டீச்சர் ஈரத்துணியை வைத்து ஒற்றி ஒற்றிப் பிரித்தார். குட்டியின் ஒரு காது மட்டும் மறுபக்கத்தோடு போய்விட்டது. மறைத்ததை நானே படித்தேன். 'தொபுக்' வந்ததும் இருபது பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். திரும்பப் படிக்கச் சொல்லித் திரும்பவும் கத்தினார்கள். என் மகள் மட்டும் கத்தவில்லை. புத்தகத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயந்திரம் கூட்டிக்கொண்டு வரும்போது பாதி வழி வரை என் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தாள். அப்புறம் கேட்டாள்.

"எதுக்குமா பொய் சொன்ன?"

"நீயும் போயி எட்டிப் பாத்துருவியோன்னுதான் கண்ணு."

"நான்தான் தெனமும் பாக்கறனே."

நடுரோட்டில் நின்றுவிட்டேன். மோட்டார் போடப் போகும்போது அவளுடைய அப்பா அவளைத் தரையில் படுக்க வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிணற்றைக் காட்டுவாராம். ஆமை இருக்கிறதாம். வீட்டுக்குப் போனதும் சண்டைக்குப் போனேன்.

"பின்ன, உன்னக் கூட்டினு போயா காட்டறது? நீ கத்தற கத்துல ஆமையே செத்துரும்" என்றார். "அப்பா இல்லாம அங்க போவக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியும். கேட்டுப் பாரு."

கேட்டேன். தெரிந்துதான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அடுத்த புத்தகம் வந்தது. அவள் மடியில் வந்து உட்கார்ந்தாள், ஆனால் புத்தகத்தை என்னிடம் தரவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்தையும் கட்டைவிரலால் தேய்த்து, ஒன்றா இரண்டா என்று பார்த்தாள். ஒரு பக்கம் கொஞ்சம் தடிமனாகத் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல எதனா ஒட்டுனியா?"

"இல்ல சாமி. சத்தியமா இல்ல."

'நெசமா' என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கடைசிப் பக்கம் வரை தேய்த்து முடித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

"இதுல பாம்பு இருக்குது" என்றாள். "பயமா இருந்தா கண்ண மூடிக்க."

"கண்ண மூடிட்டு எப்படிடி படிக்கறது?"

யோசித்தாள்.

"அப்ப ஒரு கண்ண மட்டும் மூடிக்க."

மூடிக்கொண்டேன். பக்கத்தை அவள்தான் திருப்பினாள்.