நாலாவது ஹீட்டர் பிளக்

ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்தால் அது எந்த வண்டியில் எந்த இடத்தில் இருந்தது என்று சொல்லிவிடுவேன். அந்த வயதில் எனக்கு இருந்த திமிருக்கெல்லாம் அதுதான் முதல். நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். பாதி நாள் சணலும் அட்டைக் குழாயும் எண்ணிக்கொண்டிருப்பேன். மீதி நாள் முதலாளியின் சீமை வேனுக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பேன்.

அந்த வேனை முதலாளி கொடைக்கானலிலிருந்து தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியிருந்தார். டீசல் வண்டி. பெட்ரோல் வண்டி எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும், டீசலுக்கு வேண்டாம். "பட்டாசுக்காரனுக்குன்னே செஞ்ச வண்டி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படுவார். தினமும் விடிவதற்குள் ஏழாயிரம்பண்ணையில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு வரும். டிரைவருக்கும் அதே ஊர்தான். அதனால் ராத்திரி வண்டி அவர் வீட்டுப் பக்கமே நிற்கும்.

பொறி வேண்டாமே தவிர, காலையில் அந்த எஞ்சினுக்கு நெஞ்சில் கொஞ்சம் சூடு வேண்டும். அதற்குத்தான் ஹீட்டர் பிளக். விரல் நீளம் இருக்கும், நுனியில் சிறு கம்பிச் சுருள். நாலு சிலிண்டருக்கு நாலு. ஸ்டார்ட் செய்யும் முன் பட்டனை அழுத்திப் பிடித்தால் நாலும் உள்ளே பழுக்கும். டிரைவர் முன்னால் பலகையில் ஒரு சின்னக் கம்பிக் கண் இருக்கும், அதுவும் கூடவே சிவக்கும். கண் சிவந்தால் சாவியைத் திருப்பலாம். நாலையும் ஒரே வரிசையில் கோத்திருப்பார்கள், திருவிழா சீரியல் பல்பு மாதிரி. ஒன்று போனால் நாலும் போச்சு. ஒன்று வேறு ரகமாக இருந்தால் மற்ற மூன்றும் சரியாகச் சூடேறாது. இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அந்த வழியும் இல்லை.

தீபாவளி சீசன் மும்முரத்தில் ஒரு பிளக் கருகியது. மற்ற மூன்றும் கிழடு தட்டியவை. நாலையும் மாற்றிவிடலாம் என்று சொன்னது நான்தான். வெளிநாட்டுச் சாமான் வருவது குதிரைக்கொம்பாக இருந்த காலம். பழைய பிளக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு மதுரைக்குப் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினேன். நீளம், மரை, நுனிச் சுருள், உடம்பில் குத்தியிருக்கும் நம்பர், எல்லாம் ஒத்துப்போக வேண்டும். முதல் நாளே ஒரு கடையில் மூன்று அச்சாகக் கிடைத்தன, பிரிக்காத எண்ணெய்க் காகிதத்தோடு. நாலாவதுக்கு இரண்டு நாள் அலைந்தேன். கடைசியில் ஒரு கடையில் கிடைத்ததும் நீளம் சரி, மரை சரி, நம்பர் மட்டும் வேறு.

கடைக்காரர் வயசாளி. பழைய பிளக்கையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, மரை சேரும். சூடு சேராது. ஒரு வாரம் கழிச்சு வாங்க, தேடி வைக்கேன்" என்றார்.

வெறுங்கையோடு திரும்ப எனக்கு மனசில்லை. "நம்ம கிளார்க் கண்ணு தப்பாது" என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லித்தான் முதலாளி அனுப்பியிருந்தார். அதையே வாங்கினேன். வாங்கியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. டிரைவர் நம்பர் பார்க்கிற ஆள் என்று தெரியும். மறுநாள் ஸ்டோரில் கதவைச் சாத்திக்கொண்டு, உப்புத்தாள் எடுத்து அந்த நம்பரைத் தேய்த்து எடுத்துவிட்டேன்.

டிரைவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பீடி, வெற்றிலை, ஒன்றும் கிடையாது. பிளக்குகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தவர் கடைசி ஒன்றில் நின்றார்.

"சார், இதுல நம்பரைக் காணுமே. நாலும் ஒரே நம்பர்தானா?"

"அண்ணே, ஓட்டுறது உங்க வேலை. பார்ட்ஸ் எடுக்கிறது என் வேலை."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. நாலையும் மாட்டினார். அப்போது இன்னும் வெயில் தணியவில்லை, எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. எனக்கும் தெம்பு வந்தது. கடைக்காரருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி பிறந்ததும் என் தெம்பு போயிற்று. அந்தக் கரிசல் காட்டில் வெயில் எம்புட்டோ, விடியற்காலைப் பனியும் அம்புட்டு. டிரைவர் வந்து நின்றார்.

"கண்ணு சிவக்க மாட்டேங்குது சார். மங்கலா இருக்கு. அந்த ஒரு பிளக்கை மட்டும் மாத்திப் பாப்பமா?"

"குளிருக்கு எல்லா வண்டியும் அப்படித்தான்" என்றேன். மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று முதலாளி கேட்பாரே. மூன்று நாள் தொடர்ந்து வண்டி தாமதம். வேலையாட்களுக்குச் செய்கிற சரக்குக்குத்தான் கூலி, நேரம் போனால் கூலி போச்சு. பெண்கள் அவரை ஏச, போர்மேனும் ஏச, அவர் மறுபடி என்னிடம் வந்தார். நான் மறுபடி கையை விரித்தேன்.

நாலாம் நாள் அவர் பழைய டிரைவர்கள் செய்கிற வேலையைச் செய்தார். குச்சியில் துணியைச் சுற்றி, டீசலில் நனைத்து, கொளுத்தி, எஞ்சின் காற்றிழுக்கிற வாய்ப்பக்கம் காட்டினால் சூடான காற்றை இழுத்துக்கொண்டு எஞ்சின் பிடித்துவிடும். கம்பெனியில் இல்லாமல் ஊருக்குள் செய்ததால் ஆபத்து ஒன்றுமில்லை. தீப்பெட்டி அவரிடம் ஏது? பக்கத்துக் கடையில் வாங்கினார். எஞ்சின் பிடித்ததும் துணியை மண்ணில் மிதித்து அணைத்தார். பெண்கள் "ஏறியாச்சு, எடுங்கண்ணே எடுங்க" என்று கத்த, அவசரத்தில் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டார். வண்டியில் வந்த பெண்கள் பிறகு சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். ஆனால் பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குள் தீப்பெட்டி வரக்கூடாது. வாட்ச்மேன் தினமும் எல்லாருடைய பையையும் மடியையும் தூக்குச்சட்டியையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார். ஒரே ஒரு குச்சி அகப்பட்டாலும் அன்றே சீட்டுக் கிழியும், முதலாளியின் மச்சானாக இருந்தாலும் சரி. அப்படிப் போனவனைச் சுற்றுவட்டாரத்தில் வேறு கம்பெனியும் சேர்க்காது.

வாட்ச்மேன் டிரைவரின் சட்டைப்பையில் கை வைத்தபோது நான் கேட் பக்கம்தான் நின்றிருந்தேன். தீப்பெட்டி வெளியே வந்ததும் டிரைவருக்கே புரியவில்லை, குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். இறங்கிய பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

முதலாளி வந்தார். டிரைவர் ஒளிக்காமல் எல்லாம் சொன்னார். "பிளக் சூடேறல முதலாளி. அதான் துணி கொளுத்த வேண்டியதாப் போச்சு. வேணும்னா சாரைக் கேளுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பி, "என்னய்யா, பிளக்குல கோளாறா?" என்றார்.

அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வேலை போயிருக்குமா என்பதுகூடச் சந்தேகம்தான். திட்டு வாங்கியிருப்பேன், கண் தப்பாது என்ற பெயர் போயிருக்கும். அவ்வளவுதான்.

"நாலும் புதுசு முதலாளி. நம்பர் பார்த்துத்தான் எடுத்தேன்" என்றேன்.

டிரைவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தார். நான் சாவிக்கொத்தை எண்ணிக்கொண்டு ஸ்டோருக்குள் போய்விட்டேன். அன்று மத்தியானமே அவர் சாவியை ஒப்படைத்துவிட்டு நடந்து போனார்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் கேவலம். மெட்ராஸுக்கு எழுதி, கையிருப்புக்கு என்று பொய் சொல்லி, ஒரே நம்பரில் நாலு பிளக் வரவழைத்தேன். புது டிரைவரை வைத்து மாட்டினேன். மறுநாள் பனியிலும் வண்டி ஒரே திருப்பில் எடுத்தது. "வண்டியில ஒண்ணும் இல்ல சார், அந்தாளுக்குத்தான் எடுக்கத் தெரியல" என்றான் புதியவன். நான் சிரித்து வைத்தேன். புது வருஷப் பூசைக்கு முன்னால் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்தி வந்தேன் என்றெல்லாம் சாமியாரிடம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

மாசி மாதத்தில் மனசு கேட்காமல் ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறினேன். அவருடைய சொந்த ஸ்பேனர் ஒன்று வண்டிப் பெட்டியில் கிடந்தது, அதுதான் சாக்கு. போய்ச் சொல்லிவிடுவது, பிறகு அவரையே கூட்டிக்கொண்டு முதலாளியிடம் வருவது என்று பஸ்ஸில் நாலு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவர் பருத்திக் காட்டில் கூலிக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். "வாங்க சார், உக்காருங்க" என்று கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார். ஸ்பேனரை வாங்கித் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வண்டி இப்ப காலையில எடுக்குதா?"

"எடுக்குதுண்ணே."

"பிளக் மாத்துனீகளோ?"

"மாத்துனோம்."

"நாலுமா?"

"நாலும்."

அவர் தலையை ஆட்டினார். இப்போது சொல்ல வேண்டும் என்று நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, "இருங்கய்யா, டீ போடுதேன்" என்று சொல்லிவிட்டு ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். எதிர்வீட்டு அடுப்பிலிருந்து இரண்டு தீக்கங்கு வாங்கி, முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி வந்தார்.

"ஏம்மா, வீட்டுல தீப்பெட்டி இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"இவுக வைக்க விட மாட்டாகய்யா. எவனாச்சும் வீட்டுக்கு வந்து பாத்தா, இவன் எப்பவுமே தீப்பெட்டி வச்சிருக்கவன்தான்னு சொல்லிருவாங்களாம். நானும் பெட்டி ஒட்டுறதை நிறுத்திட்டேன். எதுத்த வீட்டுலதான் தெனமும் கங்கு வாங்குதேன்."

அவர் தரையைப் பார்த்தபடி, "அதெல்லாம் எதுக்கு சார்ட்ட சொல்லுத" என்றார்.

அந்த அம்மா குனிந்து கங்குகளை ஊதுகிற சத்தம் உள்ளே கேட்டது. பச்சை விறகு போலிருக்கிறது, பிடிக்க நேரமாயிற்று. அவர் ஸ்பேனரை எடுத்து மறுபடி துடைத்தார். சொல்லிவிட அவ்வளவு நேரம் எனக்குக் கிடைத்தது. டீ வந்தது. குடித்தேன். நன்றாக இருக்கிறதம்மா என்று சொல்லிவிட்டு, கடைசிப் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தும் எழுந்து வந்துவிட்டேன்.