அத்தானோடு கல்பாவுக்குப் போன ஐந்து நாட்கள்

துபாயிலிருந்து கிழக்குக் கடற்கரைக்குக் குறைந்த செலவில் எப்படிப் போவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இப்போது அது ஒரு விஷயமே இல்லை. காரில் ஏறி உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம். நான் முதன்முதலில் போனது 1975 டிசம்பரில், பக்ரீத் விடுமுறையில். நூற்று நாற்பது கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை நாள் ஆயிற்று. நானாக ஆசைப்பட்டுப் போகவில்லை. இழுத்துக்கொண்டு போனவர் என் அத்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. துபாய் தேராவில் ஒரு கட்டடக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். அக்காவின் கணவர் கோவிந்தராஜனுக்கு முப்பத்தெட்டு. திருத்துறைப்பூண்டியில் பம்ப்செட் மெக்கானிக். இரண்டு பிள்ளைகள். அக்காவும் அப்பாவும் பேசி முடிவெடுத்து, அக்காவின் வளையல்களை விற்று, ஒரு மாத விசிட் விசாவில் அவரை என்னிடம் அனுப்பிவைத்தார்கள். வேலை வாங்கித்தருவது என் பொறுப்பு.

வந்த பதினெட்டு நாளில் மூன்று இடத்துக்கு இன்டர்வியூவுக்கு அழைத்துப்போனேன். மூன்றும் ஊற்றிக்கொண்டது. மூன்றாவது இடத்து மலையாளி போர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆள் நல்லவர்தான், ஆனால் டீசல் என்ஜின் தெரியாது என்று அவரே சொல்லுகிறாரே" என்றார். இங்கிலீஷில் கேட்டதும் மனிதர் பதறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். யார் யார் காலையோ பிடித்து நான்காவதாக ஒரு சைட்டில் ஜெனரேட்டர் ஆபரேட்டர் வேலைக்குச் சொல்லிவைத்தேன். விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இன்டர்வியூ. அதையும் விட்டால் விசா முடிவதற்குள் வேறு வழி கிடையாது.

அத்தான் என்ன செய்தார்? தினமும் க்ரீக் கரையில் போய் உட்கார்ந்து, படகு ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லோரோடும் சிநேகமானார். அப்படிச் சிக்கியவர்கள் முதுகில் மூட்டை கட்டிய இரண்டு ஜெர்மன் பையன்கள். இவருக்கு ஜெர்மன் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கிழக்குக் கரையில் கல்பா என்று ஓர் ஊர் இருப்பதும், அங்கே எவனுக்கும் அவசரமே இல்லை என்பதும் இவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

"அந்தப் பக்கம் கடல்லேர்ந்து சூரியன் எழும்புமாம் மச்சான். போயிட்டு வந்துருவோம். அஞ்சு நாள் ரூம்ல ஒக்காந்து என்ன பண்ணப் போறோம்?"

"இன்டர்வியூவுக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் படிக்கலாம் அத்தான்."

"அத வண்டியில படிச்சுக்கிறேன்."

அக்கா வீட்டுக்காரரிடம் இதற்கு மேல் என்ன பேச முடியும்? திங்கள் சாயங்காலம் ரூமில் இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அவர் ஒரு பாஸ்மதி அரிசிச் சாக்கை எடுத்து, பழைய பெல்ட் இரண்டைத் தைத்து, ஜெர்மன்காரன் பை மாதிரியே செய்து முதுகில் மாட்டிக்கொண்டார். தேரா வீதியில் அவருக்குப் பத்தடி பின்னால்தான் நடந்தேன்.

வியாழன் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினோம். தேராவிலிருந்து ஷார்ஜாவுக்கு ஷேர் டாக்ஸி, ஆளுக்கு இரண்டு திர்ஹம், அரை மணி நேரம். அங்கிருந்து வழியிலுள்ள தைதுக்கு வண்டி தேடி இரண்டு மணி நாற்பது நிமிஷம் வெயிலில் நின்றோம். கடைசியில் ஒரு பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் பிக்கப்பை நிறுத்தினார். பின்னால் குர்பானிக்கு வாங்கிய ஏழு ஆடுகள். தைதையும் தாண்டி மசாஃபி வரைக்கும் ஆளுக்குப் பத்து திர்ஹம் என்று பேசி, முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

"பைட்டோ பாய், பைட்டோ! ஜல்தி!"

எங்கே உட்காருவது? ஆடுகளுக்கு நடுவில்தான். செம்மணல் மேடுகள் இரண்டு பக்கமும் ஓடின. அழகாகத்தான் இருந்தன, ஒத்துக்கொள்கிறேன். நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆடு என் பையைத் திறந்து, இரண்டு நாளுக்கென்று கட்டிவந்த புளியோதரைப் பொட்டலத்தைக் காகிதத்தோடு தின்றுவிட்டது. அத்தான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "நாளைக்கு வெட்டப்போறாங்க, பாவம், தின்னுட்டுப் போவுது" என்றார்.

மாலை ஐந்தே முக்காலுக்குத் தைது கடைத்தெருவில் டிரைவர் வண்டியை அணைத்தார்.

"கலாஸ். ஆகே நஹி ஜாயேகா." அவ்வளவுதான், இதற்கு மேல் வண்டி போகாதாம்.

"மசாஃபிக்குத்தானே காசு வாங்கினாய்?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சண்டை போட்டேன். நாளைக்குப் பெருநாள், தன் முதலாளிக்கு ஆடு போய்ச் சேர வேண்டும் என்று அவர் நிதானமாக விளக்கினார். காசு? "காசு மாஃபி" என்று கையை விரித்தார். நான் கத்திக்கொண்டிருக்க, அத்தான் அவரோடு சேர்ந்து ஆடுகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு டீக்கடைக் கயிற்றுக் கட்டிலுக்குத் தலைக்கு ஒரு திர்ஹம் கொடுத்துப் படுத்தோம்.

வெள்ளி, பெருநாள். ஊரில் ஒரு சக்கரம் உருளவில்லை. ஏழு மணியிலிருந்து ரோட்டோரம் நான் நிற்க, அத்தான் தெருவில் போகிறவரை எல்லாம் கட்டித்தழுவி "ஈத் முபாரக்" சொல்லி, இரண்டு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார். எனக்கும் ஒரு தட்டுச் சோறு கொண்டுவந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். பதினோரு மணிக்கு ஃபுஜைராவுக்கு ஒரு லேண்ட்ரோவர் கிடைத்தது. ஆளுக்குப் பதினைந்து திர்ஹம். ஆறு பேர் ஏற வேண்டியதில் பதினோரு பேர்.

மசாஃபியைத் தாண்டியதும் தார் முடிந்தது. ரோடு போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை மலைக்கு நடுவே வறண்ட ஆற்றுப்படுகைதான் பாதை. பானை அளவு கூழாங்கற்கள். மூன்று முறை இறங்கித் தள்ளினோம். முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். என் முழங்கால் எதிரே இருந்தவரின் முழங்காலோடு மோதி மோதி வீங்கிவிட்டது. அத்தான் கூரைமேல் மூட்டைகளோடு உட்கார்ந்து வந்தார். நாலரைக்கு ஃபுஜைராவில் இறங்கியபோது முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளை. "அந்த மலையப் பாத்தியா மச்சான்?" என்று கேட்டார். எனக்கு மலை எங்கே தெரிந்தது?

அங்கிருந்து கல்பா எட்டு கிலோமீட்டர். நடந்தோம்.

ஜெர்மன்காரர்கள் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. கல்பா கடற்கரையில் மத்தி மீனைக் காயப்போட்டிருப்பார்கள். கொஞ்சநஞ்சமல்ல, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும். மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனமாம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். பக்கத்து மளிகைக் கடையிலிருந்து குரல் வந்தது. "தமிழா? வாங்க, வாங்க! எந்த ஊரு?"

கடைக்காரர் கீழக்கரை சாகுல் காக்கா. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். பெருநாளைக்கும் கடையைத் திறந்துவைத்திருந்தார். பின்பக்கக் குடோனில் பாய் போட்டுக்கொடுத்தார், வாடகை கேட்கவில்லை. திங்கட்கிழமை துபாய்க்கு வண்டி கிடைக்குமா என்பதுதான் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

"இப்பத்தானே தம்பி வந்தீங்க? வண்டி வந்தா வரும்."

இந்த ஊரில் எதைக் கேட்டாலும் இதே மாதிரி பதில்தான். சாப்பாட்டுக் கடை எப்போது திறக்கும்? திறக்கும்போது. சனிக்கிழமை முழுக்க ஒருவரும் ஒரு வேலையும் செய்யவில்லை. ஈச்சமட்டைக் குடிசை நிழலில் வலையை மடியில் போட்டுக்கொண்டு பேசினார்கள், காவா என்கிற அரபிக் காப்பி குடித்தார்கள், மறுபடியும் பேசினார்கள். அத்தான் அவர்களோடு உட்கார்ந்தார். விடியும் முன்பே என்னை எழுப்பி, சூரியன் கடலிலிருந்து எழும்புவதைக் காட்டினார். இங்கிலீஷ் பாடத்தை எடுத்தேன். "சாயங்காலம்" என்றார். சாயங்காலம் உப்பங்கழியில் நண்டு பார்க்கப் போய்விட்டார்.

ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். ராஷித் என்ற உள்ளூர் அரபியின் சின்ன மர லாஞ்சு மூன்று நாளாகக் கிளம்பவில்லையாம். ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின். நாலு பேர் மாற்றி மாற்றிக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தான் கரையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

நானும் பின்னாலேயே போனேன். டீசல் குழாயைக் கழற்றினார். நாசிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், பெட்ரோலில் கழுவினார், ஊதினார், மாட்டினார். "லைன்ல காத்துப் பூந்திருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு திருகாணியைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை காத்திருந்து முடுக்கினார். அவர் விரல் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. நாற்பது நிமிஷம். கைப்பிடியை ஒரே சுற்றுச் சுற்றினார். என்ஜின் பிடித்துக்கொண்டது.

கரையில் எல்லோரும் கத்தினார்கள். ராஷித் அவர் நெற்றியில் முத்தமிட்டார். காக்காவைக் கூப்பிட்டு ஏதோ வேகமாகச் சொன்னார்.

"ஒங்கள இங்கேயே வச்சுக்கிறேன்றாரு," என்றார் காக்கா. "எட்டு லாஞ்சு இருக்கு. விசாவுக்கு அவரே கஃபீல். மாசம் எண்ணூறு திர்ஹம், ரூம். சரின்னு சொல்லுங்க, வேற என்ன வேணும்?"

அத்தான் கையைத் துடைத்துக்கொண்டே, "ரொம்ப சந்தோஷம்னு சொல்லுங்க. முடியாது" என்றார்.

ஈச்சமட்டைக் குடிசைக்குப் பின்னால் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். வாழ்நாளில் முதல் தடவையாக அத்தானிடம் குரலை உயர்த்தினேன்.

"டீசல் தெரியாதுன்னு மூணு எடத்துல சொன்னீங்களே! வேணும்னே சொன்னீங்களா?"

"ஆமாம்."

"எதுக்கு? நான் ஒவ்வொருத்தன்கிட்டயும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். அங்க அக்கா வளையல வித்துட்டு நிக்குது!"

அவர் காயும் மீனைக் காலால் ஒதுக்கி இடம் பண்ணி உட்கார்ந்தார்.

"சிரிக்கக் கூடாது, மச்சான்."

"சிரிக்கிற நெலமையிலயா இருக்கேன்?"

"ஒங்கக்கா இல்லாம எனக்குத் தூக்கம் வரல. வந்த நாள்லேர்ந்தே. பன்னெண்டு வருஷமா அவ பக்கத்துல இருந்தே பழகிப்போச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா லீவுங்கிறான். என்னால முடியாது."

எங்கே பார்ப்பதென்றே எனக்குத் தெரியவில்லை. அக்காவைப் பற்றி, அவள் தம்பியிடம், முப்பத்தெட்டு வயது ஆண் பேசுகிற பேச்சா இது?

"இத அக்காகிட்ட சொல்றதுதானே?"

"சொன்னேனே. பொம்பள மாதிரிப் பேசாதீங்கன்னுட்டா. பக்கத்து வீட்டுக்காரன் சவுதி போயி மாடி எடுத்துட்டான். அவளுக்கும் ஆசை இருக்காதா? அதுக்கு நான் எப்படிக் கோச்சுக்கிறது? வேலை கெடைக்கலன்னா ஒருத்தர் மேலயும் தப்பு இல்ல பாரு. திரும்பிப் போறதுக்கு முன்னாடி எதையாச்சும் பாத்துட்டுப் போவோம்னுதான் ஒன்னைக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. கோபம் குறையவே இல்லை. ஆனால் அவரை நேருக்கு நேர் திட்டவும் முடியவில்லை.

திங்கட்கிழமை வண்டி வரவில்லை. ராஷித்தான் தன்னுடைய லாரியில் ஏற்றிவிட்டார். காசு வாங்கவில்லை. லாரி நிறையக் காய்ந்த மத்தி. காலை எட்டு மணிக்கு ஏறி, அதன்மேலேயே பத்து மணி நேரம் உட்கார்ந்து துபாய் வந்து சேர்ந்தோம். ரூமில் என்னோடு தங்கியிருந்த மற்ற இரண்டு பேரும் எங்களைக் குளித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

செவ்வாய் காலை நான் எழுந்தபோது அத்தான் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி, எண்ணெய் தடவித் தலை வாரி, பாயில் உட்கார்ந்திருந்தார்.

"கெளம்பு மச்சான். இன்னைக்குத் தெரியும்னே சொல்லிடுறேன். ஒனக்கு அவமானம் வேண்டாம்."

அவர் கண்ணைப் பார்த்தேன். இரவு தூங்கவில்லை என்று தெரிந்தது. ஏழே முக்காலுக்கு அந்த ஆபீஸ் வாசல்வரை போனோம். கதவுப்பிடியில் கை வைத்துவிட்டார்.

"நீங்க நில்லுங்க," என்று சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அவர் ஊருக்குத் திரும்பவேண்டியிருக்கிறது என்று மானேஜரிடம் சொன்னேன். இரண்டு நிமிஷம் வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அத்தான் எதிர்க்கடையில் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தார்.

அன்றைக்கே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். நான் எவ்வளவோ முயன்றும் அத்தானுக்கு வேலை அமையவில்லை, என் சாமர்த்தியம் அவ்வளவுதான் என்று. அக்கா இரண்டு வருஷம் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. சொந்த அத்தானுக்கு ஒரு வேலை வாங்கித்தரத் துப்பில்லாதவன் என்று கல்யாணம் காதுகுத்து எல்லாவற்றிலும் பேச்சு அடிபட்டது. லீவில் போகும்போதெல்லாம் அத்தான் இலையில் இரண்டு வடை கூடுதலாக வைப்பார். வாயைத் திறந்து அந்தப் பேச்சை ஒருநாளும் திருத்தவில்லை. நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

சரி, கேட்டவர்களுக்கு. டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். பெருநாள் விடுமுறையில் பொதுப் போக்குவரத்தை நம்பாதீர்கள். மலையில் மழை என்று கேள்விப்பட்டால் ஆற்றுப்படுகைப் பக்கம் போகவே வேண்டாம். கல்பாவில் ஓர் இரவாவது தங்குங்கள். சூரியன் எழும்பும்போது கரையில் இருங்கள். போய் இறங்கியதுமே திரும்பும் வண்டியைப் பற்றிக் கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்டுக் கேட்டே அந்த ஊரைச் சரியாகப் பார்க்காமல் வந்துவிட்டேன். அதன் பிறகு பத்தொன்பது வருஷம் வளைகுடாவில் தனியாக இருந்தேன். அந்த வருஷங்களில் என் மனைவியிடம் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை.

அத்தான் போன ஆவணியில் போய்விட்டார். அக்கா திருத்துறைப்பூண்டியில்தான் இருக்கிறாள். கண் சரியில்லை, அவளால் இதைப் படிக்க முடியாது. அவள் மகள் இந்தப் பதிவுகளைத் தவறாமல் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லக்கூடாதென்று அத்தான் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. நானாகத்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் சத்தமாகவே படித்துக் காட்டம்மா.