தவிட்டு மூட்டைக்குப் பின்னால்

எங்கள் பெரியப்பா ஒரு காலத்தில் ராயபுரத்துக்கே பெரிய குத்துச்சண்டைக்காரர். கையில் வெறும் துணியைச் சுற்றிக்கொண்டு சண்டை போட்ட காலம் அது. கப்பலில் வந்த வெள்ளைக்கார மாலுமி ஒருவனை அவர் ஒரே குத்தில் சாய்த்ததை, பார்க்காதவர்களும் பார்த்ததாகவே சொல்வார்கள். எனக்கு விவரம் தெரிந்தபோது அவருக்குத் தலை நரைத்துவிட்டது. எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்தப் பேர் ஒன்றுதான் அவர் சொத்து.

அதற்கும் ஆபத்து வந்தது. தண்டையார்பேட்டையில் ஓர் இளைஞன் கிளம்பினான். தோல் உறை மாட்டிக்கொண்டு ஆடும் புதுக் காலத்து ஆள். ஏறிய மேடையெல்லாம் ஜெயம்.

“பெர்ச இவன் ரெண்டே குத்துல பட்க்க வச்சிடுவான்” என்றார்கள் தெருவில், பெரியப்பாவைப் பற்றி.

“போடா பேமானி! பஞ்சு வச்ச உறைய மாட்டிகினு குத்தறது ஒரு குத்தா? தடவிக் குடுக்கறான்டா அவன்!” என்று அப்பா பாய்வார்.

பெரியப்பா வெளியே போவதையே நிறுத்திவிட்டார்.

இந்த மாதிரி வழக்குக்கு எங்கள் பக்கத்தில் ஒரு தீர்ப்பு உண்டு. பூவரச மரத்தில் தவிட்டு மூட்டையைத் தொங்கவிடுவார்கள். ஒருவன் அதன் பின்னால் மார்பைக் கொடுத்து நிற்க, மற்றவன் முன்னாலிருந்து குத்துவான். பிறகு இடம் மாறுவார்கள். கால் பெயர்ந்தவன் தோற்றவன். அப்பா வீறாப்பில் அதற்கு நாள் குறித்துவிட்டார்.

“வயசான மன்சன சந்தி சிரிக்க வைக்கப் போறியா?” என்று அம்மா அழுதாள்.

அந்த இளைஞன் குத்தி மூட்டை கிழிந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன். குறித்த நாளில் அம்மாவின் புடவைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

“நைனா, கால நல்லா ஊனிக்கோ” என்று சொல்லிவிட்டு அவன் குத்தினான். சத்தம் பலமாகக் கேட்டது. எட்டிப் பார்த்தேன்; மூட்டை கிழியவில்லை, பெரியப்பாவும் அசையவில்லை. அடுத்து அவர் குத்தினார். அவன் பின்னால் தள்ளாடிப் போய் மல்லாந்து விழுந்தான்.

“யப்பா! மாடு முட்ன மாரி கீது நைனா!” என்று சிரித்துக்கொண்டே எழுந்தான். தெருவே கூச்சலிட்டது. அப்பா பெரியப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

யாரிடமும் வாய் திறக்காத எனக்கே துணிச்சல் வந்துவிட்டது. “அய்யே, தோத்துட்டியே!” என்றேன்.

“இன்னா பண்றது பாப்பா, நைனா கை அப்டி” என்று என் கையில் ஒரு பொரி உருண்டையை வைத்துவிட்டுப் போனான்.

மறுநாளிலிருந்து பெரியப்பா பழையபடி வெளியே போய் உட்கார்ந்தார். ஆனால் யார் பெரியவன் என்ற பேச்சு வந்தால், “அவன மாரி ஒருத்தன் எங்க காலத்துல இல்ல” என்பார்.

“நீதானே அவன சாச்ச?” என்று அப்பா கத்துவார். பெரியப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார்.

பாவம், வயதாகிவிட்டது, ஜெயித்தது யார் என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.