கைக்குட்டைக்கு அடியில் ஒரு விலை

பிளஸ் டூ வந்த புதிதில் எங்களுக்குப் பொருளாதாரம் எடுக்க வெளியூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்து சேர்ந்தார். பாடத்தை விளையாட்டாகச் சொல்லித் தருகிறாராம். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பாதிப் பேர் விவசாயிகள், நானும்தான். ஆளுக்குப் பத்துத் தீக்குச்சி. ஒரு குச்சி ஒரு மூட்டை நிலக்கடலை. ஐந்து பேர் வியாபாரிகள், கையில் அட்டைக் காசு. மற்றவர்கள் வேடிக்கை. வியாபாரிகள் போட்டி போடுவார்கள், விலை தானாக நியாயத்துக்கு வந்து நிற்கும் என்று வாத்தியார் கரும்பலகையில் கோடெல்லாம் போட்டுக் காட்டினார்.

அந்த ஐந்து பேரில் மூன்று பேர் கடலை மண்டிக்காரர் வீட்டுப் பையன்கள். ஒருவன் கைக்குட்டையை விரித்தான். மற்ற இருவரையும் சேர்த்துக்கொண்டு, அதற்கு அடியில் கைகொடுத்து, விரலைப் பிடித்தே விலையை முடித்துக்கொண்டார்கள். மண்டியில் அப்பன்மார் துண்டுக்கு அடியில் செய்வதும் அதுதான். அப்புறம் ஐந்து பேரும் ஒரே அடிமாட்டு விலைதான் கேட்டார்கள்: குச்சிக்கு நாலு காசு.

"சார், அவங்க முன்னாடியே பேசி வச்சிகினாங்க" என்றேன்.

"பேசறதுதான்டா பேரம்" என்று சிரித்துவிட்டு, பலகையில் நாலு என்று எழுதி வட்டம் போட்டார். மண்டி வாசலைக்கூட மிதிக்காத மனுஷன்.

நான் விற்கவில்லை. மணி அடித்தும் குச்சிகளைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"ஆட்டத்தையா கெடுக்கறே? அப்பாவைக் கூட்டிட்டு வா. வித்தாத்தான் உனக்கு கிளாஸ்."

படிப்பே போனாலும் சரி, விற்பதில்லை என்று முடிவு செய்தேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அப்பா மறுநாள் பஸ் பிடித்து வந்தார். ஒவ்வொரு அறுவடைக்கும் மண்டிக்காரர்களை வீட்டில் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர். வாத்தியாரை ஒரு பிடி பிடிப்பார் என்று காத்திருந்தேன்.

அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"குடுத்துடுபா" என்றார். "ஒருத்தன் கம்மியா கேட்டா எல்லாரும் அதே கம்மிதான் கேப்பான். மூட்டையத் திரும்ப வண்டியில ஏத்திகினு வூட்டுக்கா போவ முடியும்?"

"பாத்தியா, உங்கப்பாவுக்குப் புரியுது" என்றார் வாத்தியார்.

மண்டிக்காரர் மகன் கையை நீட்டினான். பத்துக் குச்சிகளையும் அவன் உள்ளங்கையில் வைத்தேன். வாத்தியார் மேல் இருந்த ஆத்திரம் அந்த நிமிஷமே சிறுத்துப்போனது. அப்பாவைத்தான் அதற்கப்புறம் பல வருஷம் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.