குட்டைக் கழுத்து

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் லிஃப்ட்டுகளுக்கு வைத்தியம் பார்த்து வருபவர். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அவருடைய இசைக்குழுவில் கிடையாது. அங்கே அவருக்குப் பெயரே லிஃப்ட்டு. "லிஃப்ட்டு, ஒரு மாடி கீழ இறங்கு" என்று பாடகர் சொன்னால் சுருதியைக் குறைத்து வாசிக்க வேண்டும் என்று அர்த்தம்.

பாடகர், கிட்டார்காரர், டிரம்மர், பேஸ் கிட்டாருக்கு இவர் என்று நாலு பேர். சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு பப்பில் வாசிப்பார்கள். பேஸ் கிட்டாருக்கு நாலே நாலு தடித்த கம்பிகள். பாட்டுக்கு அடியில் கனமாக ஓடும் அந்தச் சத்தத்தை யாரும் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். "வீட்லயும் நீங்க பேஸ்தான். இருக்கீங்களா இல்லையான்னே தெரியல" என்று மனைவி ஒருமுறை சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அவரும் சிரித்தார். அடுத்த வருஷம் அவள் சண்டை சச்சரவு இல்லாமல், அலமாரியில் தன் பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். மகள் வேறு ஊரில் படிக்கப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணுவாள்.

கை போனது ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில். கதவின் ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டிருந்தார். மரை வழுக்குகிறதே என்று கையுறையைக் கழற்றினார், ஸ்பிரிங் தெறித்துவிட்டது. பழியை வேறு யார் மேலும் போட முடியாது. இடது கையின் சுண்டுவிரல் நுனி போய்விட்டது. மோதிரவிரல் பாதிதான் மடங்கியது. "கை சரியாகுறவரைக்கும் வேற ஆளைப் பாத்துக்குங்கப்பா" என்று அவரே பாடகரிடம் சொன்னார். கிட்டார்காரரின் மச்சினன் வந்து சேர்ந்தான். பாங்க்கில் வேலை, பத்து விரலும் பத்திரம்.

ஐந்து மாதம் கழித்துத் தன் பேஸை மடியில் எடுத்து வைத்தபோதுதான் கம்பிகள் ஓடும் அதன் கழுத்து எவ்வளவு நீளம் என்று அவருக்கு உறைத்தது. முன்பு கண்ணை மூடிக்கொண்டு எட்டிய இடத்துக்கு இப்போது தோளையே தள்ள வேண்டியிருந்தது. சுண்டுவிரல் கம்பியைத் தொட்டதும் நெஞ்சு வரைக்கும் சுளீரென்றது. பெட்டியில் வைத்து மூடினார்.

வாத்தியக் கடையில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். இவர் கையை ஒரு தடவை பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

"குட்டைக் கழுத்து ஒண்ணு இருக்கு சார். எட்டிப் பிடிக்க வேண்டாம். எல்லாம் பக்கத்துப் பக்கத்துலயே இருக்கும்."

"அது சின்னப் பசங்க வாசிக்கிறது இல்லையா?"

"உட்காந்து வாசிச்சுப் பாருங்க. அப்புறம் சண்டை போடலாம்."

பாசிப் பச்சை நிறத்தில், பொம்மை மாதிரி இருந்தது. வாசித்துப் பார்த்தார். விரல்கள் வலிக்கவில்லை. வாங்கிக்கொண்டு நாலு மாடி ஏறினார்.

புதுசோடு பழகுவது லேசுப்பட்ட வேலையாக இல்லை. இருபது வருஷப் பழக்கத்தில் கை பழைய தூரத்துக்கே போய் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு விரற்கடை தள்ளி, பக்கத்து ஸ்வரத்தில். அவருடைய பாட்டையே யாரோ அரைகுறையாகக் கற்றுக்கொண்டு வாசிப்பதுபோல் இருந்தது. கழுத்து குட்டையே ஒழிய தலை கனம். கையை எடுத்தால் தூங்கி வழிகிற ஆள் மாதிரி தரையை நோக்கிச் சாயும். சொரசொரப்பான தோல் பட்டை மாட்டியதும் அது கொஞ்சம் அடங்கியது. இருப்பதிலேயே மெல்லிய கம்பியில், கழுத்தின் ஏழாவது கட்டத்தில் மட்டும் சத்தம் பிறந்த மாத்திரத்தில் செத்துவிடும். மரத்தின் குணம், அதைத் திருத்த முடியாது. அந்த ஸ்வரத்தை வேறு கம்பியில் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டார். எந்தப் படிக்கட்டு ஆடும் என்று தெரிந்து தாண்டிப் போவதுபோலத்தான்.

வேலைக்குப் போகும் முன் காலையில்தான் வாசிப்பார். பத்தாம் நாள் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டு நர்ஸ், இன்னும் சீருடையிலேயே இருந்தாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் ராத்திரி டூட்டி முடிச்சுட்டு வந்து படுக்குறேன். என் கட்டிலே நடுங்குது."

"ஐயோ, மன்னிச்சுக்கம்மா. சத்தம் கம்மியாத்தான் வச்சிருந்தேன்."

"சத்தம் கேக்கலண்ணா. நடுக்கம்தான். நல்லா வாசிக்கிறீங்க போல, ஆனா எனக்கு அது என்ன பாட்டுன்னே தெரியல."

இருவரும் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க அவர் முகம் பார்த்துச் சிரித்த ஒரே ஆள் அவள்தான். ஒரு காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம் என்று கதவைச் சாத்திய பிறகு தோன்றியது. தூங்கப் போகிறவளுக்குக் காபியா என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து ஆம்ப்ளிஃபையரைத் தொடவில்லை. மின்சாரம் இல்லாத பேஸ் கிட்டார் கொசு மாதிரிதான் முனகும். தாடை எலும்பைக் கிட்டாரின் உடம்பில் அழுத்திக்கொண்டு வாசித்தால் மட்டும் சத்தம் எலும்பு வழியாக மண்டைக்குள் முழுசாக ஏறும். அறைக்குள் இன்னொருவர் நின்றிருந்தாலும் கேட்காது. கோணிய கழுத்தோடு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து அப்படியே இரண்டு மாதம் வாசித்தார். மூன்றரை விரலுக்கு எட்டாததை விட்டுவிட்டார். எட்டியதை நிதானமாக, கொஞ்சம் நீட்டி வாசித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை டிரம்மர் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்தவன்.

"டேய், நாளைக்கு மச்சினனுக்கு வர முடியல. நீ வருவியா?"

"வர்றேன்."

"கை?"

"வர்றேன்னு சொன்னேன்ல."

போனை வைத்த பிறகுதான் 'நீ வருவியா' என்ற கேள்வி குத்தியது. தன் சொந்தக் குழுவில் தானே மாற்று ஆள்.

பப்பில் அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் இப்போது இரண்டு மேஜை போட்டிருந்தார்கள். கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். போகிறவர் வருகிறவரெல்லாம் "எக்ஸ்கியூஸ் மீ" சொல்ல, கிட்டார் தலையைத் தூக்கி வழிவிட்டார். முதல் பாட்டிலேயே கை பழைய தூரத்துக்குப் போய் விழுந்தது. பாடகர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது பாட்டுக்குப் பிறகு நேராகிவிட்டது. இவர் இல்லாதபோது சேர்த்த இரண்டு புதுப் பாட்டுகளின்போது சும்மா நின்றார். அவர்கள் அவற்றைப் பேஸ் இல்லாமலேயே வாசித்தார்கள், நன்றாகத்தான் இருந்தது.

முடிந்ததும் பாடகர் தோளில் தட்டி, "பொம்மை நல்லா பேசுதே" என்றார். விரல்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கருவிகளை வண்டியில் ஏற்றும்போது டிரம்மர் மட்டும் சொன்னான்: "முன்னெல்லாம் நிறைய வாசிப்ப. இப்ப கம்மியா வாசிக்கிற. என் சத்தம் எனக்கே கேட்டுச்சுடா இன்னைக்கு."

அடுத்த சனிக்கிழமை மச்சினன் திரும்பிவிட்டான். போன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மூன்றாவது வாரம் தெரியாத எண்ணிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "உங்க டிரம்மர்தான் நம்பர் கொடுத்தார். எங்க பேஸ்காரருக்குக் காய்ச்சல்."

அப்படித்தான் ஆரம்பித்தது. காய்ச்சல், கல்யாணம், முதுகுவலி, வேலை மாற்றம் என்று யாருக்கு எது வந்தாலும் இவரைக் கூப்பிட்டார்கள். பாட்டுப் பட்டியல் புதன்கிழமை வரும். சனிக்கிழமைக்குள் தாடையை வைத்துப் படித்துக்கொண்டு போய்விடுவார். ஒன்றரை வருஷத்தில் பதினொரு குழு. யார் எந்தப் பாட்டில் அவசரப்படுவார், எந்த டிரம்மர் முடிவில் இழுப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர்களில் ஒருவர் வீட்டு வாசலைக்கூட அவர் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு மகள் போனில் சொன்னாள்: "அப்பா, உங்க வீடியோ ஒண்ணு பாத்தேன். யாரோ போட்டிருந்தாங்க."

"எப்படி இருந்துச்சு?"

"நீங்க எங்கப்பா இருக்கீங்க? ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"இடது ஓரத்துல பச்சையா ஒண்ணு வந்து வந்து போகுதா?"

"ஆமா, ஏதோ குச்சி மாதிரி."

"அது கிட்டாரோட தலை. பின்னாடியே நான் இருக்கேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "நல்லா சாப்பிடுறீங்களாப்பா?" என்றாள். சாப்பிடுகிறேன் என்றார்.

பாடகர் கூப்பிட்டது அந்த மாதக் கடைசியில். மச்சினனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டதாம்.

"லிஃப்ட்டு, வந்துடுப்பா. இந்தச் சனிக்கிழமையே. இனிமே நிரந்தரமா."

ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் போனைக்கூட வைக்காமல் ஓடியிருப்பார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். "சனிக்கிழமை எனக்கு வேற இடத்துல இருக்கேப்பா" என்றார். உண்மையும் அதுதான்.

"யாரு? பெரிய ஆளுங்களா?"

"தெரியாது. இன்னும் பாத்ததில்ல."

பாடகர் மூச்சை இழுத்துவிட்டு, "சரி, யோசிச்சுச் சொல்லு" என்றார். யோசிப்பதாக இவரும் ஒப்புக்குச் சொன்னார். போனை வைத்த பிறகு கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவினார். கோபமா, வருத்தமா என்று அவருக்கே பிடிபடவில்லை. மறுநாள் காலையில் திரும்பக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமைக் குழு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் மூன்று பெண்கள். அவர்களுடைய பேஸ்காரிக்குக் குழந்தை பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. பப்பில் ஒன்பது பேர். ஆறு பேர் டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாட்டு முடிந்ததுமே பப்காரர் வந்து, "ஆட்டம் முடியுற வரைக்கும் கொஞ்சம் அடக்கி வாசிங்கம்மா" என்றார். டிரம்ஸ் வாசித்த பெண் குச்சிகளை வைத்துவிட்டு வெறுங்கையால் தட்ட ஆரம்பித்தாள். இவரும் கட்டைவிரலின் சதையால் மெதுவாக வருடினார். டிவியில் கோல் விழுந்து எல்லோரும் கத்தியபோதும் அவளும் இவரும் ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. அவள் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். இவர் தலையை ஆட்டினார்.

முடிந்ததும் மூன்று பேரும் பரபரப்பாக மூட்டை கட்டினார்கள். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் எட்டு மணி வரைதானாம்.

"சார், நீங்களும் வாங்களேன், குழந்தையப் பாக்க" என்றாள் பாடிய பெண். டிரம்ஸை அடுக்கிய பிறகு காரில் ஓர் ஆள் உட்காரக்கூட இடமில்லை. அவளும் அதைப் பார்த்துவிட்டு, "அடடா" என்றாள்.

"பரவாயில்லம்மா, நேரமாகுது, கிளம்புங்க" என்றார். "குழந்தை என்ன?"

"பொண்ணு சார்."

கார் திருப்பத்தில் மறையும் வரை உள்ளேயிருந்து ஒரு கை ஆடிக்கொண்டிருந்தது. அவர் கிட்டார் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பஸ் வந்தது. உட்கார இடமில்லை. பையைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொண்டு, அடிபடாத கையால் மேல் கம்பியைப் பற்றியபடி நின்றார்.