ஏர் பைப்புக்கு நான் போட்ட மூடி

ஃப்ளஷ்ஷை அமுக்கினால் தண்ணீர் கீழே போக வேண்டும். அன்று காலை அது மேலே ஏறி வந்து என்னை எட்டிப் பார்த்தது. பீங்கான் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்று, குளுக் குளுக்கென்று யோசித்து, பத்து நிமிடம் கழித்து மனமில்லாமல் இறங்கியது. நான் முதல் ஷிப்டுக்குக் கிளம்பி நின்ற நேரம். வீடு கட்டி நான்கு வருடம்கூட ஆகவில்லை.

ஆசிட் ஊற்றினேன். ரப்பர் பம்பால் குத்தினேன். மூங்கில் பிளாச்சை விட்டு ஆட்டினேன். ஒரு வாரம் போனதே தவிர தண்ணீர் போகவில்லை.

நான் ஒரகடத்தில் லாரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். அங்கே எந்தக் கோளாறுக்கும் ‘ஒய்-ஒய்’ போடுவோம். ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டுத் தாளில் எழுத வேண்டும். காரணம் என்று ஓர் ஆளைக் கைகாட்டி நிறுத்தினால் சூப்பர்வைசர் தாளைத் திருப்பி எறிவார். பதினொரு வருடமாக அந்தத் தாளோடு மல்லுக்கட்டுகிறவன், வீட்டிலும் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். ஏன் தண்ணீர் போகவில்லை? அடைப்பு. ஏன் அடைப்பு? நாப்கின். ஏன் நாப்கின்? மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்குப் பொறுப்பில்லை. மூன்றிலேயே நின்றுவிட்டேன். என்ன புத்தியோ.

அந்தப் பெண் தென்காசிப் பக்கம். கேபிள் கம்பெனி ஒன்றில் லைன் வேலை. மாடியில் ஒற்றை அறை. அவள் கக்கூஸும் எங்களுடையதும் ஒரே செப்டிக் டேங்கில்தான் சேரும். குடும்பம் இருக்கிற வீட்டில் தங்குகிறாள் என்ற ஒரே தைரியத்தில்தான் அவள் அப்பா வேலைக்கே அனுப்பியிருந்தார். இங்கே பெயர் கெட்டால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அது எனக்குத் தெரியும். “மொதல்ல பிளம்பர கூப்டுங்க, அப்பால பேசலாம்” என்று என் மனைவி சொன்னது காதில் ஏறவில்லை.

புதன்கிழமை, வேலை முடிந்து வந்தவளை மாடிப்படியில் மறித்தேன். காலண்டர் தாள் கையில் இருந்தது.

“இன்னாமா, நாப்கின கக்கூஸ்ல போட்டுகினு கீறியா?”

“நான் அப்படிப்பட்ட பிள்ளை இல்லண்ணே. பேப்பர்ல சுத்திக் குப்பை வண்டிலதான் போடுதேன்.” தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, “ஆள் மேல நிறுத்தக்கூடாதுன்னு எங்க லைன்லயும் சொல்லுவாவண்ணே” என்றாள்.

அந்தப் பேச்சுதான் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்காரன் என்ற திமிர் வேறு. அங்கேயே நின்று அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். ஒரு தகப்பனிடம், அவர் மகளுடைய நாப்கினைப் பற்றிப் பேசினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அவர், “ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிருதேன் தம்பி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் பிளம்பர் வந்தார். நீளமான ஸ்பிரிங் கம்பியை முழுவதும் உள்ளே விட்டு இழுத்தார். நாப்கினும் இல்லை, ஒரு நூலும் இல்லை. நேரே மொட்டைமாடிக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன். டேங்கில் சேரும் காற்று வெளியேறுவதற்காக மாடிவரை நிற்கும் ஏர் பைப்பின் வாயில் ஒரு கறுப்பு மூடி இருந்தது. அதைத் திருகிப் பிடுங்கினார். புஸ்ஸென்று நாற்றம் முகத்தில் அடித்தது. கீழே ஃப்ளஷ்ஷை அமுக்கிப் பார்த்த என் மனைவி, “ஏங்க, தண்ணி விர்ருனு போய்ட்ச்சிங்க” என்று குரல் கொடுத்தாள்.

“காத்து போனாதான சார் தண்ணி எறங்கும்? எவன் சார் இத்த மூடினவன்?”

மூடினவன் நான். கொசு மருந்து அடிக்க வந்தவர்கள் பைப்புக்கு வலை கட்டச் சொன்னார்கள். வலை கிழியும், மூடி கிழியுமா என்று, கம்பெனியில் லாரி பாகங்களின் வாயை அடைத்து வருகிற பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன். எங்கள் பக்கம் அந்த மூடி இல்லாத வீடு கிடையாது. கட்டில் காலுக்கும் அதுதான், குடத்துக்கும் அதுதான். அளவு கச்சிதம் என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன். அதற்கு அடுத்த வாரம்தான் அந்தக் குளுக் குளுக் ஆரம்பித்தது.

திரும்பினால், கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் ஈரத் துணி வாளியோடு மாடி அறைப் பெண் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“தப்பு என்னுதுதாம்மா. ஊருக்குப் போவாத.”

“என்ட்ட சொல்லி என்ன செய்யண்ணே? அப்பாட்ட சொன்னது நீங்கதான.”

ஒரு கையில் மூடி, ஒரு கையில் போன். அவள் முன்னாலேயே அவள் அப்பாவைக் கூப்பிட்டேன். “அய்யா, அடச்சது நான்தான். உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல” என்றேன். அந்த மனிதரின் குரல் உடைந்தது.

“நீங்க சொன்னத நம்பி, பொம்பளப் பிள்ளைய வாயில வரக்கூடாததெல்லாம் பேசிட்டேன் தம்பி. மூணு நாளா என் போன எடுக்க மாட்டேங்கா. பக்கத்துல இருந்தா கொஞ்சம் குடுங்க.”

போனை அவளிடம் நீட்டினேன். பார்த்தாள், வாங்கவில்லை. வாளியிலிருந்து ஒரு சுடிதாரை எடுத்து, உதறி, கொடியில் போட்டாள்.

“இருக்கச் சொல்லுங்கண்ணே. துணிய காயப் போட்டுட்டு வாரேன்.”

வாளி நிறையத் துணி இருந்தது. அவர் லைனிலேயே காத்திருந்தார். நானும் நின்றேன்.