டாவெட்டியின் நாக்கு

“என் நாக்கைச் சந்தேகப்பட்டே, இந்தக் கூடையை உன் தலையிலயே கவுத்துடுவேன், சைமி!”

டாவெட்டி என் வீட்டு வாசலில் நின்றுதான் இப்படிக் கத்தினான். பக்கத்து வீட்டுக்காரன். லாரி ஓட்டி ஓய்ந்தவன், வயது எழுபத்தாறு. எங்கள் சர்ச்சில் அறுவடை விருந்துக்கு உப்புக்காளான் சாலட் இருபது வருடமாக அவன் வீட்டிலிருந்துதான் போகிறது. அந்தப் பெருமையில்தான் மனிதன் உயிரோடு இருக்கிறான். நான் சொன்னது இவ்வளவுதான்: “யோவ், இதுல விஷக்காளான் கலந்து கிடக்கு. இது விருந்துக்குப் போகாது.”

பால்காளானை அவன் நக்கித்தான் பார்ப்பான். கீறினால் பால் கசியும். நுனிநாக்கில் தொட்டுத் துப்புவான், எரிந்தால் கூடைக்குள். வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உப்பில் போட்டால் எரிச்சல் போய்விடும். அதே பைன் மரத்தடியில் எரியாத ஒன்றும் முளைக்கும். அதுதான் குடலைப் புரட்டிப்போடும். நாற்பது காளான் நக்கிய நாக்கு செருப்புத்தோல் மாதிரி. நாற்பத்தொன்றாவது எரிந்ததா இல்லையா, அதற்கு என்ன தெரியும்?

“மோந்து பாரேன். அந்தச் சனியன்ல அதிமதுர வாசனை அடிக்கும்.”

“எல்லாத்துலயும்தான் அடிக்குது!”

அடிக்காதா பின்னே? எரிச்சலுக்கு வாய் நிறைய அதிமதுர மிட்டாய். அவன் கை, தாடி, கூடை எல்லாம் அதே நாற்றம்.

இரண்டு காளானைக் கீறிக் காட்டினேன். ஒன்று செம்பழுப்பு, குடை நடுவே சின்னக் குமிழ், பால் வெள்ளை. மற்றது வெளிறியது, குடை கம்பளி போலச் சொரசொரப்பு, கசிந்தது வெறும் தண்ணீர்.

“ரெண்டும் பால்தான்.”

“கண்ணு அவிஞ்சுபோச்சா? இது தண்ணிய்யா!”

காளானைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்தான். மூக்கருகே கொண்டுவந்தான். மறுபடி தூரத்தில். முகம் சுருங்கிவிட்டது.

“பாதிரியாரம்மா ரெண்டு தட்டு திம்பாங்களே, சைமி.”

“திங்கட்டும். அப்புறம் ஊரை அடக்கம் பண்ண அந்த அம்மாவே இருக்க மாட்டாங்க.”

நான் பொறுக்கித் தருகிறேன் என்றேன். என் கை பட்டது காளானை உப்பில் போடுகிற தன் வாளியில் போகாதாம். மொத்தத்தையும் எருக்குழியில் கொட்டிவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனான். திரும்பி வந்தவன் வீட்டுக்குள்கூட நுழையவில்லை, நேரே காட்டுக்குத்தான். மூன்று வாரம் கழித்து விருந்து மேசையில் அவன் சாலட் கிண்ணம்தான் முதலில் காலியானது. மூக்கின்மேல் பச்சைச் சட்டம் போட்ட புதுக் கண்ணாடியோடு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அவனே அதன் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தான்: பதினாலு யூரோ தொண்ணூறு சென்ட்.